திரும்பி வந்தது நான் விற்ற இசைத்தட்டு அன்று: குறைதீர் அலுவலருக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் தளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழி விற்பனைத் தள நிறுவனம்,
தலைமை அலுவலகம்.

நாள்: 28.03.2025

பொருள்: விற்ற இசைத்தட்டுக்குப் பதிலாக வேறொரு தட்டு திருப்பி அனுப்பப்பட்டது – என் கணக்கில் பிடித்தம் செய்த 4,714 ரூபாயைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பழைய நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் (78 சுழற்சி) கிராமபோன் தட்டு ஒன்றைத் தங்கள் தளத்தின் வழியாகக் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒருவருக்குக் கடந்த பிப்ரவரி மாதம் விற்றேன். அத்தட்டு உடைந்து வந்ததாக வாங்கியவர் தெரிவித்ததால் அது என்னிடமே திருப்பி அனுப்பப்பட்டதாகவும், அதனால் அவருக்கு முழுத் தொகையும் அளிக்கப்பட்டதாகவும் தங்கள் பதிவேடு கூறுகிறது. ஆனால் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெட்டியில் இருந்தது 1950களில் வெளிவந்த ஒரு திரைப்படப் பாடல் தட்டு; அதுவும் இரண்டு துண்டுகளாக இருந்தது. இதைப் பற்றி நான் அளித்த மூன்று புகார்களும் விசாரணை எதுவும் இல்லாமலே முடித்து வைக்கப்பட்டதால்தான் தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கெழுதும் பணியில் இருக்கிறேன். சம்பளத்தில் வீட்டு வாடகையும் மளிகையும் போக மிஞ்சுவது குறைவு என்பதால், செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கும் என் மகளின் கட்டணத்துக்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள்களைத் தேடி வாங்கித் துடைத்துச் சீர்செய்து விற்று வருகிறேன். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் இத்தகைய தளங்கள் வழியே விற்கலாம் என்ற விதிமுறை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததும், அடுத்த மாதமே தங்கள் தளத்தில் சேர்ந்தேன். இதுவரை 143 பொருள்களை விற்றிருக்கிறேன். அவற்றில் இரண்டு மட்டுமே இதற்கு முன்பு திரும்பி வந்தன. இரண்டிலும் தவறு என் பக்கம் இருந்ததால் மறுபேச்சின்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தமிழ்நாட்டுக்குள் மட்டுமே விற்க முடிகிற என்னைப் போன்றவர்களுக்கு, பழைய இசைத்தட்டை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் என்று பார்த்தால் சில நூறு பேர்தான் இருப்பார்கள். 'உடைந்த பொருளை விற்றவர்' என்று என் பெயருக்குக் கீழே இன்று தெரிகிற குறிப்பை அவர்களில் எவரும் பார்க்காமல் கடந்து போகப் போவதில்லை.

இந்தத் தட்டு எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது கடையில் இன்னொன்று வாங்கி ஈடுகட்டக்கூடிய பொருள் அன்று. எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றைப் பிரிக்கும்போது தேக்குத் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் உடனுக்குடன் விலை பேசப்பட்டு அந்தக் கடைகளுக்கு வந்துவிடும். இசைத்தட்டுகளை மட்டும் எவரும் கேட்பதில்லை. அரக்கும் கல்தூளும் சேர்த்துச் செய்த அந்தத் தட்டுகளை இரும்பைப் போலவோ பிளாஸ்டிக்கைப் போலவோ உருக்கிக் காசாக்க முடியாது என்பதால், காயலான் கடைக்காரர்கள்கூட ஓரமாகக் கொட்டிவிடுகிறார்கள். இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கித் திரைப்படத் துறைக்குச் சென்ற ஏ.வி. மெய்யப்பன் பிறந்த ஊரிலேயே இந்த நிலை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. சென்ற ஆண்டு டிசம்பரில் அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து சாக்கில் கட்டிப் போட்டிருந்த 22 தட்டுகளை 6,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பதின்மூன்று தட்டுகள் விரிசல் விட்டும் பாடல் பதிந்த பள்ளம் தேய்ந்தும் கிடந்தன. ஓடும் நிலையில் இருந்த ஒன்பதில் கிட்டப்பாவின் இந்தத் தட்டும் ஒன்று.

கிட்டப்பா 1933இல், தமது இருபத்தேழாம் வயதில் காலமானார். அவர் திரைப்படத்தில் நடித்ததில்லை. நாடக மேடையில் அவர் பாடியதை நேரில் கேட்டவர்களும் இன்று அநேகமாக இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம் என ஓடும் இந்த 10 அங்குலத் தட்டுகளில் பதிந்திருப்பதுதான் அவருடைய குரல். அதனால்தான் 4,500 ரூபாய் விலை வைத்தேன். அதனால்தான் தளத்தில் பதிவேற்றும் முன் அதன் குறைகளையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டாம் பக்கத்தின் விளிம்பில் ஒரு விரல்நக நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு இருக்கிறது, அது பாடல் பதிந்த பள்ளத்தைத் தொடவில்லை, முதல் சில சுற்றுகளில் இரைச்சல் கேட்கும் என்று விவரக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது. தங்கள் படிவம் அனுமதிக்கும் ஆறு படங்களில் ஒன்றை அந்த வெடிப்புக்கும், இன்னொன்றை மேட்ரிக்ஸ் எண்ணுக்கும் ஒதுக்கினேன். பாடல் முடியும் இடத்துக்கும் நடுவிலுள்ள லேபிளுக்கும் இடையே இருக்கும் வெற்று வளையத்தில், தட்டை அழுத்தும் அச்சிலிருந்தே பதிந்து வரும் எண் அது. லேபிளைக் கிழித்து வேறு ஒட்டலாம்; இந்த எண்ணை மாற்ற முடியாது. எந்தப் பதிவு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதற்குச் சேகரிப்பாளர்கள் நம்புவதும் இதைத்தான்.

பிப்ரவரி 6ஆம் நாள் ஆர்டர் வந்தது. அரக்குத் தட்டு, பிற்காலத்தில் வந்த பிளாஸ்டிக் வகை எல்.பி. தட்டைப் போல வளைந்து கொடுக்காது. கைதவறி விழுந்தால் கண்ணாடி போல உடையும். ஆகவே தட்டைக் காகித உறையில் இட்டு, அதைவிடப் பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே அசையாதபடி ஒட்டி, அதற்கு மேல் பபிள் ராப் சுற்றி ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைச் சுற்றிலும் தெர்மோகோல் அடைத்து இன்னொரு பெட்டிக்குள் வைத்தேன். மேட்ரிக்ஸ் எண் தெரியத் தட்டைக் காட்டுவதிலிருந்து வெளிப்பெட்டியை ஒட்டி முடிப்பது வரை ஒரே தொடர்ச்சியான காணொளியாகக் கைபேசியில் பதிவு செய்தேன். மறுநாள் தங்கள் கூரியர் பணியாளர் வந்து எடை போட்டபோது 1,320 கிராம் இருந்தது. அந்த எடை தங்கள் ரசீதிலேயே அச்சாகியிருக்கிறது.

பிப்ரவரி 10ஆம் நாள் பெட்டி கோயம்புத்தூரில் ஒப்படைக்கப்பட்டது. 12ஆம் நாள், தட்டு உடைந்திருந்தது என்று வாங்கியவர் ஒரே ஒரு படத்துடன் விண்ணப்பித்தார். இரண்டு துண்டுகளான ஒரு கறுப்புத் தட்டு அந்தப் படத்தில் தெரிகிறது. லேபிள் இருக்கும் பகுதி கையால் மறைக்கப்பட்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கப்படாமல் அன்று மாலையே அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 21ஆம் நாள் வந்து சேர்ந்த பெட்டியை, தங்கள் கூரியர் பணியாளர் உடன் நிற்கும்போதே திறந்து, அதையும் காணொளியாக எடுத்தேன். அதில் நான் அனுப்பிய இரண்டு பெட்டிகளும் இல்லை, அட்டைகளும் இல்லை. செய்தித்தாளில் சுற்றிய உடைந்த தட்டு ஒன்று மட்டும் மெல்லிய பெட்டி ஒன்றில் கிடந்தது. ரசீதில் எடை 740 கிராம். லேபிளில் நாய் படமும் ஒரு திரைப்படத்தின் பெயரும் இருந்தன. மேட்ரிக்ஸ் எண் வேறு. நான் குறிப்பிட்டிருந்த மயிரிழை வெடிப்பு எந்தத் துண்டிலும் இல்லை. மேற்பரப்பில் ஆங்காங்கே வெளிறிப்போயிருந்தது, யாரோ ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததுபோல. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் 78 சுழற்சித் தட்டுகளில் நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

எடை வேறுபட்டது ஒன்றை மட்டும் வைத்துத் தட்டு மாறிவிட்டது என்று நான் வாதிடவில்லை. பெட்டியும் அட்டையும் குறைந்தாலும் எடை குறையும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திருப்பி அனுப்பும் பொருள், வந்த அதே பெட்டி, பொதியுறைகளுடன் வர வேண்டும் என்பது தங்கள் விதி. அது மீறப்பட்டது என்பதற்குத் தங்கள் ரசீதுகள் இரண்டுமே சான்று. தட்டே வேறு என்பதற்கு மேட்ரிக்ஸ் எண்ணும் லேபிளும் இரண்டு காணொளிகளும் சான்று. இவற்றையெல்லாம் பிப்ரவரி 21ஆம் நாளே அனுப்பினேன். 23ஆம் நாள், 'படங்கள் போதுமானவை அல்ல' என்ற ஒற்றை வரியுடன் புகார் முடித்து வைக்கப்பட்டது. எந்தப் படம் போதவில்லை, வேறென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிய இரண்டாம் புகாருக்கும் அதே வரிதான் பதில். மார்ச் 5ஆம் நாள் மூன்றாம் புகாரும் மூடப்பட்ட பிறகு தங்கள் உதவி மையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பணியாளர் மரியாதையாகவே பேசினார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். "ஒரு தட்டை அனுப்பினீர்கள், ஒரு தட்டு திரும்பி வந்திருக்கிறது சார், சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்றார் அவர்.

என் புகாரின் மையமே இந்தப் பதிலில்தான் இருக்கிறது. புதிய கைபேசி உறையோ சட்டையோ திரும்பி வந்தால், அதே வகைப் பொருள் வந்திருக்கிறதா என்று பார்ப்பது போதுமானதாக இருக்கலாம். பழைய பொருளில் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரு கேமராவுக்கு உடல் எண், ஒரு நாணயத்துக்கு அதன் தேய்மானம், ஒரு தட்டுக்கு அதன் மேட்ரிக்ஸ் எண் என்று அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளத்தை விற்பனையாளரே படம் பிடித்துத் தங்களிடம் ஒப்படைத்த பிறகும், திரும்ப எடுக்கும்போது அதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தைத் திருப்பித் தருவது, மாற்றி அனுப்ப நினைப்பவருக்குத் தாங்களே வழி திறந்து விடுவதாகும். வாங்கியவர் வேண்டுமென்றே செய்தாரா, வீட்டில் இருந்த வேறொரு உடைந்த தட்டைத் தவறுதலாக எடுத்து வைத்தாரா என்பதை நான் அறியேன்; அவர் மீது குற்றம் சுமத்த இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கேட்டறிந்திருக்க வேண்டியவர்கள் தாங்கள்.

பண இழப்பின் கணக்கு இது. விலை 4,500 ரூபாயில் தங்கள் தரகுத்தொகை 12 விழுக்காடு, அதாவது 540 ரூபாயும், அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 97 ரூபாய் 20 காசும் கழித்து எனக்கு வந்தது 3,862 ரூபாய் 80 காசு. பின்னர் என் கணக்கிலிருந்து முழு விலை 4,500 ரூபாயும், திரும்பக் கொண்டுவந்த கூரியர் கட்டணம் 214 ரூபாயும் சேர்த்து 4,714 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டது. விற்பனையே ரத்தான பிறகும் தரகுத்தொகை எனக்குத் திருப்பித் தரப்படவில்லை. ஆக, தட்டும் போய், என் கைப்பணம் 851 ரூபாய் 20 காசும் போயிருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு இது சிறிய தொகையாகத் தெரியலாம்; எனக்கு இது பல ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நுகர்வோர் அளிக்கும் புகாரைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். விற்பனையாளரும் அந்த வரையறைக்குள் வருவாரா என்ற சட்ட விவாதத்தை நான் இங்கே எழுப்ப விரும்பவில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் தரகு செலுத்துகிற நானும் தங்கள் வாடிக்கையாளன்தான் என்பதால், அதே கால அளவை எனக்கும் கடைப்பிடிக்கும்படி கேட்கிறேன். முதல் புகார் அளித்து ஒரு மாதம் கடந்துவிட்டது.

பிடித்தம் செய்த 4,714 ரூபாயை என் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். அல்லது, வாங்கியவரிடம் கேட்டு என் தட்டையே திரும்பப் பெற்றுத் தந்து, 851 ரூபாய் 20 காசை மட்டும் தந்தாலும் போதும். உண்மையைச் சொன்னால், பணத்தைவிடத் தட்டு உடையாமல் திரும்பி வருவதையே நான் அதிகம் விரும்புகிறேன். என் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் குறிப்பை விசாரணை முடியும் வரையாவது நீக்க வேண்டும். பழம்பொருள் பிரிவில் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு பொருளையும், விற்பனையாளர் பதிவேற்றிய அடையாளப் படத்தோடு கூரியர் பணியாளர் ஒப்பிட்டுப் படம் எடுத்த பிறகே பணம் திரும்ப வழங்கப்படும் என்று நடைமுறையை மாற்றவும் வேண்டுகிறேன். அவர் கையில் இருக்கும் கைபேசியே இதற்குப் போதும். என் கோரிக்கை மறுக்கப்படுமானால், எந்தச் சான்றின் அடிப்படையில் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு காணொளிகள், ரசீதுகள், பதிவேற்றிய ஆறு படங்கள், திரும்பி வந்த தட்டின் மேட்ரிக்ஸ் எண் தெரியும் படம், மூன்று புகார்களின் எண்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். திரும்பி வந்த அந்த உடைந்த தட்டை, அது வந்த பெட்டியுடனும் செய்தித்தாளுடனும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். தங்கள் பணியாளர் எவரையேனும் அனுப்பினால், மாலை ஆறு மணிக்கு மேல் எந்த நாளிலும் வீட்டில் வைத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
விற்பனையாளர், காரைக்குடி.