கதவு திறக்குமுன் போய் நில்

பிரியமுள்ள கலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இன்னும் கொஞ்ச நாளைக்குக் குனிந்து கோலம் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல். பெரியவளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்தது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அன்றைக்கு இங்கேயும் பாயசம் வைத்தோம். அத்தைக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் காலை நடையை விடவில்லை. என் வீட்டுக்காரர் எப்போதும்போல வேலை வேலை என்று இருக்கிறார்.

அண்ணனும் பிள்ளைகளும் நீயும் கோடை விடுமுறைக்கு இங்கே அட்லாண்டாவுக்கு வரப்போகிறீர்கள் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. ஹாஸ்டல் அறையில் நாம் போட்ட திட்டங்களில் ஒன்றாவது நிறைவேறப் போகிறது! ஃப்ளோரிடாவில் இருக்கும் ஆர்லாண்டோ டிஸ்னி கேளிக்கைப் பூங்காவுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று சின்னவன் ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒன்று கேட்டிருந்தாய்: லீவில் போயும் விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டுமா, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் போனால் ஆகாதா என்று. ஆகாது கலை. மற்றதெல்லாம் உன் இஷ்டம். இந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேள்.

நீ கணக்கு டீச்சர், உனக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு ரைடு மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள். ஒன்பது மணிக்குப் பார்க் திறக்கிறது. மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு பேர் வந்து சேர்கிறார்கள். பத்து மணிக்கு ஐந்நூறு பேர் மிச்சம், அதாவது அரை மணி நேரக் காத்திருப்பு. பதினோரு மணிக்கு ஆயிரம் பேர் மிச்சம், ஒரு மணி நேரக் காத்திருப்பு. அதற்குப் பிறகு வருகிறவர்கள் மணிக்கு ஆயிரமாகக் குறைந்துவிட்டாலும், முன்னால் சேர்ந்த அந்த ஆயிரம் பேர் வரிசை கரையாது. சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிற்கும். பதினோரு மணிக்கு வருகிறவரும் மூன்று மணிக்கு வருகிறவரும் காலையில் சேர்ந்த பாக்கிக்காகத்தான் நிற்கிறார்கள். ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பவருக்கு அந்தப் பாக்கியே கிடையாது. ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்பில் க்யூயிங் தியரி என்று வரிசைகளின் கணக்கைப் படித்தோமே, ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த அந்த விதி நினைவிருக்கிறதா? வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை, ஆட்கள் வந்து சேரும் வேகத்தையும் ஒருவர் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வரும் என்பது. பரீட்சைக்காக நாம் உருப்போட்ட அந்த ஒரு வரியை அங்கே போனால் கண்ணால் பார்க்கலாம்.

எல்லா ரைடும் ஒன்றுபோல இல்லை என்பதையும் தெரிந்துகொள். டிஸ்னி பார்க்குகளில் ஒன்றான, நாம் போகப்போகும் மேஜிக் கிங்டமில் ஹாண்டட் மேன்ஷன் என்று ஒரு பேய் மாளிகை இருக்கிறது. அதில் கறுப்பு வண்டிகள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஏறுகிற இடத்தில் தரையும் அதே வேகத்தில் நகரும், நாம் நடந்தபடியே ஏறி உட்கார வேண்டியதுதான். அதனால் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் மளமளவென்று போய்விடும். பீட்டர் பான் ரைடில் மேலே தண்டவாளத்திலிருந்து தொங்கும் குட்டிக் கப்பல்கள்தான், ஒரு கப்பலில் இரண்டு மூன்று பேருக்கு மேல் உட்கார முடியாது. 1971 அக்டோபர் முதல் தேதி பார்க் திறந்த வருஷத்திலிருந்தே ஓடும் ரைடு அது. குழந்தைகள் எல்லோருக்கும் அது வேண்டும், ஏற்றுவதோ கொஞ்சம் பேரை. ஆகவே நாள் முழுக்கக் கூட்டம். காலை நேரத்தை இந்த மாதிரி ரைடுகளுக்குச் செலவழிக்க வேண்டும். பேய் மாளிகை, கடற்கொள்ளையர் படகு எல்லாம் மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

அட்லாண்டாவிலிருந்து காரில் ஏழு மணி நேரம். முந்தின நாளே போய்த் தங்கிவிடுவோம். மறுநாள் காலை காரை நிறுத்தியதும் பார்க் வந்துவிட்டது என்று நினைக்காதே. கார் நிறுத்துமிடத்துக்கும் மேஜிக் கிங்டமுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. முதலில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும். பிறகு ஃபெர்ரியில் ஏரியைக் கடக்கலாம், அல்லது மோனோரெயிலில் சுற்றிப் போகலாம். கார்க் கதவைச் சாத்துவதிலிருந்து பார்க் வாசலில் டிக்கெட் காட்டும் வரைக்கும் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்பது மணி பார்க்குக்கு எட்டு மணிக்கே கார் நிற்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எனக்கு ஃபெர்ரிதான் பிடிக்கும். அந்நேரத்தில் ஏரி மேல் காற்று குளுகுளுவென்று இருக்கும், எதிரே பார்க்கின் கோட்டைக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். அத்தை வந்திருந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே நின்றார். வா உட்காரலாம் என்று கூப்பிட்டதற்கு, "உட்காரத்தானா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார்.

உள்ளே போனதும் பார்க்கிற காட்சியை நீ மறக்க மாட்டாய். கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ரோப் டிராப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான பேர். இரவு உடையோடு ஸ்ட்ரோலரில் இன்னும் தூங்கும் குழந்தை, ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு வந்த பெரிய குடும்பம், பையிலிருந்து வாழைப்பழத்தை உரித்துப் பேரனுக்குப் பாதி பாதியாக ஊட்டும் ஒரு தாத்தா. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் வெள்ளை மீசைக்காரர், அறுபதைத் தாண்டியவர். நேரம் ஆனதும் கயிற்றைக் கீழே போட்டுவிடவில்லை. கையில் பிடித்தபடியே நமக்கு முன்னால் நடந்தார். யாரும் ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, அவர் நடையைத் தாண்டிப் போகக் கூடாது. முதுகைக் கூட்டத்துக்குக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்த பிள்ளைகளிடம் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். அத்தனை ஆசையோடு வந்த கூட்டம் ஒரு மனிதரின் நடைக்குக் கட்டுப்பட்டுப் போனது. அவ்வளவு அழகான ஒழுங்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். 1999இல் டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தால் தனி வரிசையில் சீக்கிரம் ஏறலாம். அதற்குக் காசு கிடையாது. டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் பொது. 2021 அக்டோபரிலிருந்து ஃப்ளோரிடாவில் அந்தத் தனி வரிசை காசுக்கு என்று ஆகிவிட்டது. இப்போது லைட்னிங் லேன் என்கிறார்கள். கூட்டத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் விலை மாறும், தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. திருப்பதியில் முந்நூறு ரூபாய் வரிசையும் தர்ம தரிசன வரிசையும் ஒரே சந்நிதிக்குத்தான் போகின்றன, ஆனால் காத்திருப்பு ஒன்றா என்ன? கொடுக்க முடிந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஆட்கள் விறுவிறுவென்று முன்னால் போக, தான் மட்டும் அசையாமல் நிற்கும்போது ஒரு குழந்தை "நாம ஏன்மா அதுல போகலை?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? காலையில் பார்க் திறந்த முதல் கொஞ்ச நேரம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பொது வரிசையே காலியாக இருக்கும்போது தனி வரிசைக்கு என்ன மதிப்பு? கஷ்டப்பட்டு டிக்கெட் காசு சேர்த்து வருகிற குடும்பத்துக்கு மிச்சமிருக்கிற ஒரே சலுகை அந்த நேரம்தான். அதைத் தூங்கிக் கழிக்கக் கூடாது என்று எனக்கு அவ்வளவு பிடிவாதம்.

இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களை அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுவார்கள். விலை குறைந்த ஆல் ஸ்டார் ஹோட்டல்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, பார்த்து முடிவு செய்யலாம். அங்கே தங்கினால் பஸ் நேராகப் பார்க் வாசலிலேயே இறக்கிவிடும், ஏரி வேலை இல்லை. வெளியே தங்கினாலும் கவலைப்படாதே. அந்த அரை மணியில் திறப்பது ஃபேண்டஸிலேண்ட், டுமாரோலேண்ட் என்ற இரண்டு பகுதிகள். பீட்டர் பானும் ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலும் அந்தப் பக்கம்தான், நாம் போவதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்திருக்கும். எனவே கயிறு விலகியதும் எல்லோரும் போகும் பக்கம் போகாமல் இடது பக்கம் திரும்பி, ஜங்கிள் குரூஸ் படகை முதலில் முடித்துவிடுவோம். அதுவும் மத்தியானத்தில் நெடுநேரம் நிற்கவைக்கும் ரைடு. பிறகு பக்கத்திலேயே டியானா என்ற தண்ணீர் ரைடு, 2024இல் திறந்தது. நனைவோம், வெயில் ஏறும் நேரத்துக்கு அது சுகம்தான்.

பன்னிரண்டு மணிக்குள் பெரிய ரைடுகள் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்நேரம்தான் மற்றவர்கள் வெயிலில் வரிசை பிடிப்பார்கள். நாம் ரூமுக்குத் திரும்பிக் குட்டித் தூக்கம் போட்டுவிட்டுச் சாயங்காலம் வரலாம். கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ளும், வெளியே ஓடும் ரோலர் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள். அப்போது உள்ளே இருந்தும் பயனில்லை. இரவில் இன்னொரு நல்ல நேரம் உண்டு. பார்க் மூடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வரிசைக்குள் நுழைந்துவிட்டாலும் போதும், ஏற்றித்தான் அனுப்புவார்கள்.

உன் மாமியாரும் வருவதாக இருந்தால் தாராளமாக அழைத்து வா. அத்தைக்கு ரொம்பப் பிடித்தது பீப்பிள்மூவர். 1975இலிருந்து ஓடுகிறது. உயரத்தில் மெதுவாக, சத்தமே இல்லாமல் போகும் வண்டி. ஒரு இடத்தில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற இருட்டு ரோலர் கோஸ்டருக்குள்ளேயே புகுந்து வரும், இருட்டில் கத்துகிறவர்களின் குரல் கேட்கும். வரிசையும் அவ்வளவாக இருக்காது, கால் வலிக்காமல் காற்று வாங்கலாம். சாப்பாட்டைப் பற்றியும் கவலை வேண்டாம். வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் நான் கட்டி எடுத்துவருகிறேன்.

தேதியைப் பொறுத்தவரை, உங்கள் பள்ளிக்கூட லீவு ஏப்ரல் கடைசியில் தொடங்கிவிடுமே, மே முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடப் பார். இங்கே எங்கள் பக்கத்துப் பள்ளிகளை மே கடைசி வாரத்தில்தான் மூடுவார்கள், அதற்கு மேல் கூட்டம் அள்ளும். எங்கள் பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு சொல்லிக்கொள்ளலாம்.

பதில் எழுதும்போது சின்னவனின் உயரத்தை அளந்து எழுது. டிரான் என்ற ரோலர் கோஸ்டருக்கு 122 செ.மீ. வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, சுரங்க ரயிலுக்கு 97. டிரானுக்கு எட்டவில்லை என்றால் அவனிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லிவை, வாசலில் அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்று அழ வேண்டாம். அப்படியானாலும் உனக்கும் அண்ணனுக்கும் நஷ்டம் இல்லை. ஒருவர் ஏறும்போது மற்றவர் அவனோடு இருந்துவிட்டு, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமலேயே மாறி ஏறிக்கொள்ள அங்கே வழி வைத்திருக்கிறார்கள், அதற்குக் காசும் இல்லை. முதலில் யார் ஏறுவது என்று மட்டும் நீங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
வசந்தி