தம்பிக்கு, சன்டவுனர் நினைப்பில்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி எட்டரைக்கு நான் ஃபோன் பண்ணினால் மருமகள் "தூங்குறாங்க மாமா" என்கிறாள். உங்களுக்கு அப்போது சாயங்காலம் நாலு மணிதானே என்று நான் கேட்கவில்லை. அசதியாக இருக்கும். சரி.

நான் இங்கிலாந்து வந்தபோது ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாயே, சன்டவுனர், அது மனசை விட்டுப் போகவில்லை. 58 அடி மரப்படகு. ஏறக்குறைய நம்ம லாஞ்ச் நீளம். டைட்டானிக்கில் தப்பிய அதிகாரி லைட்டோலர், 1929ல் வாங்கிக் குடும்பத்தோடு சுற்ற வைத்திருந்தது. 1939 கோடையில் அவரும் சம்சாரமும் உல்லாசமாகப் போகிறவர்கள் மாதிரி அதிலேயே போய் ஜெர்மன் கரையை வேவு பார்த்தார்களாம். மறு வருஷம், இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸ் கரையில் டன்கிர்க்கில் சிக்கிய சிப்பாய்களைக் கூட்டிவரப் படகு வேண்டும் என்று கடற்படை கேட்டது. தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார், 66 வயசில். ஜூன் 1 அன்று மூத்த மகன் ரோஜரும் ஒரு சாரணப் பையனும்தான் கூட. 21 பேருக்கு மேல் ஏறாத படகில் கிட்டத்தட்ட 130 சிப்பாய்கள்! மேல்தட்டில் எல்லோரையும் படுக்கச் சொல்லியிருக்கிறார். நின்றால் கவிழும், நமக்குத் தெரியாததா. அப்புறம் போர் முடிகிறவரை கரையோர ரோந்துக்கு ஓடியிருக்கிறது அது.

உன் பேரைச் சொன்னால் சங்கத்தில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கலாம். வெறும் டீயைக் குடித்துவிட்டு இருக்காதே, சாப்பிடு.

லைட்டோலரின் கடைசி மகன் பிரையன் விமானி. போர் தொடங்கிய உடனேயே செத்துப்போனான். விமானம் தாழ வந்தால் அவசரப்பட்டுத் திரும்பக் கூடாது, சுடுவதற்கு அது மூக்கைத் தூக்கும், அந்த நொடியில் சுக்கானை முழுசாக ஒடிக்க வேண்டும். இந்த மாதிரி வித்தையெல்லாம் அவன் அப்பாவிடம் பேசியிருந்தான். டன்கிர்க்கில் அதை வைத்துத்தான் அவர் தப்பினார். பிள்ளை போய் ஒன்பது மாசம், அவன் பேசியது காதில் இருந்திருக்கிறது.

என் காதில் என்ன இருக்கிறது? பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த ராத்திரி திண்ணையில் வந்து உட்கார்ந்தாய். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் டீசல் பம்பைக் கழற்றிப் போட்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். தலையைத் தூக்காமல் "காலையில சொல்லு" என்றேன். மூணு மணிக்குக் கடலுக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்துத் திரும்பியபோது காலேஜுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, நீ ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல வந்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அன்று அந்தப் படகின் அணியத்தைப் பிடித்துக்கொண்டு நீ வெகுநேரம் நின்றாயே, அப்போதும் கேட்கவில்லை.

தப்பு என்னுடையதுதான் தம்பி.

வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடலுக்குப் போகவில்லை. எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா