அந்த நேரத்தில் கால் ஏன் நகரவில்லை?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "விபத்தில் அடிபட்டு என் தோழி ரோட்டில் விழுந்து கிடந்தபோது நான் ஏன்க்கா மரம் மாதிரி நின்றேன்?" முதலில் அதற்கு வருகிறேன்.

ஆபத்தில் உடம்பு நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. நாம் யோசித்து முடிப்பதற்குள் மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி அபாயமணி அடித்துவிடும், உடம்பை உஷார்ப்படுத்தும் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாயும். சிலர் ஓடுவார்கள், சிலர் எதிர்த்து நிற்பார்கள். சிலருக்குக் கைகால் விறைத்து, குரலே எழும்பாது. இப்படி உறைந்துபோவது விலங்குகளிடமும் உண்டு. இதில் கோழை, வீரன் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடந்தது எல்லாம் தெரிந்த இன்றைய நீ, ஒன்றுமே புரியாமல் நின்ற அன்றைய உன்னைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? "ஒரு போன்கூடப் பண்ணவில்லையா?" என்று அவள் அண்ணன் கேட்டாராமே. வேதனையில் கேட்டிருப்பார். அதற்காக அது நியாயமான கேள்வி ஆகிவிடாது.

தூக்கம் கெடுவது, ஹாரன் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, கேட்காமலே அந்தக் காட்சி கண்முன் ஓடுவது, அந்தச் சாலையைத் தவிர்ப்பது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் முதல் சில வாரங்களில் சகஜம். ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போவதும் அப்படித்தான். அழுகை வராததால் உனக்கு ஈரமே இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படியொரு அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன அழுத்தக் கோளாறு) என்ற நோய்வரை போகிறவர்கள் 5.6 சதவீதம்தான். ஒரு மாதம் தாண்டியும் இதெல்லாம் குறையாமல் வேலையையும் உறவுகளையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பார். அதிர்ச்சியை மையமாக வைத்துத் தரும் பேச்சு சிகிச்சை நன்றாகவே பலன் தரும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே.

"எல்லாவற்றையும் கொட்டிவிடு, சரியாகிவிடும்" என்பவர்களை நம்பி விருப்பமில்லாமல் விவரிக்காதே. அப்படி வற்புறுத்திப் பேசவைப்பதால் நன்மை இல்லை. யாரோ தருகிறேன் என்ற தூக்கமாத்திரையும் வேண்டாம்.

அவளைப் பார்க்கப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அக்கா