எக்லெக்டிக் மாப்பிள்ளை

நாகர்கோவில்
டிசம்பர் 5

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா 3-ஆம் தேதியோடு முடிந்தது. இனிமேல்தான் அந்தப் பக்கம் வண்டியில் போய்வர முடியும். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

சரி, மாப்பிள்ளைப் பையனின் பயோடேட்டாவுக்கு வருகிறேன். 'ரசனை: எக்லெக்டிக்' என்றிருந்ததை உன் வீட்டில் எலெக்ட்ரிக் என்று படித்து, 'ஒயரிங் வேலையும் தெரிந்த பையன்' என்று சந்தோஷப்பட்டார்களாமே! சிரித்து மாளவில்லை மக்கா.

எக்லெக்டிக் (eclectic) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, பல இடங்களிலிருந்து தனக்கு உகந்ததை எடுத்துக்கொள்கிற ரசனை என்று பொருள். தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே கொள்கையைக் கட்டிக்கொண்டு அழாமல், ஒவ்வொன்றிலும் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்ட பழைய தத்துவவாதிகளை அப்படிச் சொன்னார்கள். ரோமாபுரி சிசரோவையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதுண்டு. பாட்டு, புத்தகம், வீட்டு அலங்காரம் எல்லாம் இந்தச் சொல்லோடு பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

பத்திரிகை அட்டையில் 'பல்சுவை மாத இதழ்' என்று போடுவார்களே, அந்தப் பல்சுவைதான் இது என்று நினைக்கத் தோன்றும். எனக்கு ஒப்பவில்லை. அதில் பலதும் இருக்கும், பொறுக்கியெடுத்த கை தெரியாது. கதம்பம் என்றால் ஒத்துக்கொள்வேன். தோவாளையில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறாயே. பிச்சியோடு எது சேரும், மரிக்கொழுந்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் நாரில் கட்டினால் கதம்பமாகிவிடுமா?

அதனால் டிவியில் ஓடுவதையெல்லாம் பார்க்கிறவனுக்கு இந்தச் சொல் பொருந்தாது. நம் கணக்கு வாத்தியாருக்குப் பொருந்தும். திருவட்டாறு கோயில் திருவிழாவில் கதகளி பார்ப்பார், சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்கும் முன்னால் போய் உட்காருவார். இரண்டிலும் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார்.

இன்னொன்று. சம்பந்தமே இல்லாத சாமான்களால் நிறைந்த வீட்டுக்குப் போன விருந்தாளி 'எக்லெக்டிக்' என்று சொன்னால், அது மரியாதையான கிண்டலாகவும் இருக்கலாம். தன்னைப் பற்றித் தானே அப்படி எழுதிக்கொள்வதும் கொஞ்சம் அலட்டல்தான். வயசுப் பையன், போகட்டும். பெண் பார்க்க வரும்போது என்ன பிடிக்கும் என்று கேட்காதே, எது பிடிக்காது என்று கேள். 'அப்படி ஒன்றுமில்லை அங்கிள்' என்றானானால், சொல்லை எங்கிருந்தோ கடன் வாங்கியிருக்கிறான்.

என்றைக்கு வருகிறார்கள் என்று எழுது. மட்டிப்பழம் ஒரு குலையோடு நானும் வந்து சேர்கிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்