பெரியாஸ்பத்திரிக்கு வரும் முன்

தஞ்சாவூர்,
ஐப்பசி 10

அன்புள்ள மீனா,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. மகளுக்குத் திருவாரூரிலேயே வேலை அமைந்தது பெரிய நிம்மதி. அவளும் இனிப் பேருந்தில் அலைய வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். நாலு நாளாக மழை விடவில்லை. துணி ஒன்றும் காயவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். சம்பாவில் களையெடுக்கப் போகிற உன் குழுப் பெண்களிடம் பாம்புக்கடி பற்றிப் பேசப் போவதாக எழுதியிருந்தாய். யாரையாவது கடித்தால் நேரே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் மீனா. கூட்டத்தில் முதலில் இதைச் சொல், முடிக்கும்போதும் இதையே சொல். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரமெல்லாம் விஷம் வேலை செய்துகொண்டே இருக்கும். விஷமுறிவு மருந்து, நாங்கள் ஏ.எஸ்.வி. என்கிறோமே அது, இரத்தத்தில் ஓடுகிற விஷத்தைத்தான் பிடிக்கும். சிறுநீரகத்தில் ஏற்கெனவே விழுந்த அடியை அது மாற்றாது. அதனால் முதல் மருந்து கிட்டத்து அரசு ஆஸ்பத்திரியில் ஏறட்டும். டயாலிசிஸ், வென்டிலேட்டர் தேவைப்பட்டால் அங்கிருந்து 108-இல் இங்கே வரலாம். நீ இப்போதே ஒரு நடை போய், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் எத்தனை குப்பி இருப்பு இருக்கிறது, ராத்திரியில் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டு வை. மருந்து எங்கே இருக்கிறது என்பது கடிபடும் முன்னே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடித்ததும் செய்வது கொஞ்சம்தான். ஆளை உட்காரவோ படுக்கவோ வைத்து, எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் ஒரு சட்டமோ மட்டையோ வைத்துக் கை காலை அசையாமல் கட்ட வேண்டும். இறுக்கக் கூடாது. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீக்கம் வரும் முன் கழற்றிவிட வேண்டும். நம் பெண்கள் மெட்டியைக் கழற்ற யோசிப்பார்கள். விரல் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல். நடக்க விடாதே, தூக்கிக்கொண்டு போ. பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் போனாலும் பரவாயில்லை, ஆம்புலன்ஸுக்காக அரை மணி காத்திருப்பதைவிட அது மேல். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை.

கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைப்பது எதுவும் கூடாது. கயிறு கட்டுவதுதான் இன்னும் நிற்கவில்லை. கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் கடித்த இடத்துத் தசையை அழுகச் செய்யும். கட்டு இறுக இறுக அந்த அழுகல் கூடும். வழியில் யாரோ பதறி அதைச் சட்டென்று அவிழ்த்தால், தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் போகும். ஏற்கெனவே கட்டியிருந்தால் அப்படியே கூட்டிப் போ. மருந்து ஏற்ற நரம்பில் ஊசி குத்தி, மருந்தையும் தயாராக வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டு வரவும் வேண்டாம். நம் ஊரில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான்.

கட்டுவிரியனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல். அது ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடப் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார்கள். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். பிறகு கண் இமை சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். அந்த நிலையில் ஆள் செத்தவர்போல் கிடந்தாலும் நினைவு இருக்கலாம், காது கேட்கலாம். ஆம்பு பையை அமுக்கிக் காற்று கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டருக்குக் கொண்டுவந்தால் பிழைக்க வைக்கலாம். கைவிடக் கூடாது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தாலே இந்தக் கடி பெருமளவு தவிரும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கூட வருபவர்கள் பதற மாட்டார்கள். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தமே உறையாது, முடிவு தப்பாகிவிடும். முதல் முறை உறைந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. முதல் சில மணி நேரம் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு மறுபடி மறுபடி பார்ப்பார்கள். எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் இருக்கத்தான் வேண்டும்.

மருந்து முதலில் 8 முதல் 10 குப்பி. ஒரு குப்பி கண்ணாடி விரியன் விஷத்தில் 6 மி.கி.தான் முறிக்கும், அந்தப் பாம்போ ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. இறக்கிவிடும். குழந்தைக்கும் இதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே. சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பதால் அரிப்பு, நடுக்கம், மூச்சுத்திணறல் வரலாம். அப்போது மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் (பெரியவர்களுக்கு 0.5 மி.கி.) போட்டு, அடங்கியதும் மறுபடி ஏற்றுவார்கள். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வேண்டாம்’ என்று வீட்டார் தடுத்துவிடக் கூடாது. 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய்ச் சோதனை. இரத்தத்தை உறைய வைக்கும் பொருளை ஈரல் திரும்பச் செய்ய அவ்வளவு நேரமாகும். அதற்குள் இன்னும் மருந்து போடச் சொல்லிச் சண்டை போடுவது வீண்.

அங்கிருந்து இங்கே அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. கடித்த நேரம், மருந்து தொடங்கிய நேரம், எத்தனை குப்பி, குழாய்ச் சோதனை முடிவு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, அதன் நிறம் என்ன. டாக்டர் எழுதாவிட்டால் கூட வருபவரைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்.

வீட்டுக்குப் போன பிறகும் கவனம் வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்பு வந்தால் அது மருந்தால் வருவது, மாத்திரையில் அடங்கும். சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே வர வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட ஓயாத அசதி, மாதவிலக்கு நிற்பது போன்றவை வரும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டிருப்பதன் அடையாளம் அது. கடிபட்ட கதையை டாக்டரிடம் சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனை வரும்.

கோடியக்கரைப் பக்கத்துப் பெண்களும் உன் குழுவில் இருக்கிறார்கள் இல்லையா? வலையில் வரும் கடல் பாம்புக்கு இந்த மருந்து வேலை செய்யாது. உடம்பெல்லாம் தசைவலி, கருத்த சிறுநீர் என்றால் அவர்களை மட்டும் டயாலிசிஸ் உள்ள இடத்துக்கே நேரே கொண்டு போக வேண்டும்.

ஆராய்ச்சிக்குக் கையெழுத்துக் கேட்டால் பயமாக இருக்கிறது என்று உன் பெண்கள் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தப் பயம் நியாயமானது, அதனால் தெளிவாகச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாவிட்டாலும் சிகிச்சையில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. பாதியில் விலகவும் உரிமை உண்டு. படிவம் தமிழில் வேண்டும், புரியும்வரை விளக்கச் சொல்லலாம். ஆனால் முடிந்தால் போடச் சொல். இந்த மருந்துக்கான விஷம் பெரும்பாலும் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒரே இனப் பாம்பின் விஷமே ஊருக்கு ஊர் மாறுபடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வயல் பாம்பின் விஷத்துக்கு அந்த மருந்து எவ்வளவு பிடிக்கிறது என்பதை நம் ஆட்களின் இரத்தத்திலிருந்து தெரிந்துகொள்ளலாம். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டார்கள். எந்த ஊரில் எத்தனை கடி என்று கணக்குச் சேர்ந்தால், மருந்து அந்த ஊருக்குப் போகும்.

நடவுச் சேற்றில் பூட்ஸ் போடச் சொல்லிப் பயனில்லை. வரப்பில் ராத்திரி நடக்கும்போது டார்ச், வைக்கோல் போரிலும் அரிக்கட்டிலும் கை விடும் முன் ஒரு குச்சியால் தட்டுவது, இரண்டும் போதும் இப்போதைக்கு.

கூட்டம் என்றைக்கு என்று எழுது. நோட்டீஸ் அடிப்பதாக இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, அளவுகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சரோஜா