முதலில் பிரிண்டர், பிறகு மடிக்கணினி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மடிக்கணினிப் பட்டியலைப் பார்த்தேன். எல்லாமே நல்லவைதான். பிரிண்டரைப் பற்றி மட்டும் "ஏதாவது சின்னதாக வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இத்தனை ஆண்டுகள் தட்டச்சும் ஜெராக்ஸும் பார்த்தவள் சொல்கிறேன்: பிரிண்டரை முதலில் முடிவு செய். கணினி அதற்கு ஏற்றபடி அமையட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நீ காப்பீட்டு நிறுவனத்துக்காக இழப்பை மதிப்பிடும் பயிற்சி சர்வேயராக ஏரலுக்குப் போனாயே, அந்த நாட்களை நினைத்துப் பார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தாமிரபரணிக் கரை ஊர்களில் மின்சாரம் இல்லை. நனைந்த சரக்கை எண்ணிப் பட்டியல் போட்டு, கடைக்காரரின் கையெழுத்தை அங்கேயே வாங்க வேண்டும். நாளைக்கு அச்சடித்து வருகிறேன் என்று நீ கிளம்பினால், நாறிப்போன அரிசி மூட்டைகளை அவர் அதற்குள் அப்புறப்படுத்தியிருப்பார். பிறகு எண்ணிக்கையில் தகராறு வரும். எல்லாவற்றையும் இழந்து நிற்கும் மனிதர் பட்டியலை நிதானமாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். கைபேசித் திரையில் விரலால் கிறுக்கச் சொல்வது அதற்கு ஈடாகாது.

அப்படிப்பட்ட இடத்தில் லேசர் பிரிண்டர் உதவாது. மைத் தூளை உருக்கித் தாளில் ஒட்டும் உருளை சூடேறும்போது அது பல நூறு வாட் மின்சாரம் இழுக்கும். மின்சாரம் இல்லாத ஊரில் காரிலிருந்துதான் எடுக்க வேண்டும்; கார் சாக்கெட்டோ பெரும்பாலும் 12 வோல்ட், 10 ஆம்பியர். அதாவது 120 வாட்தான். ஃபியூஸ் போய்விடும். நம் கடையில் இருந்தது போன்ற இங்க் டேங்க் பிரிண்டர் குறைந்த மின்சாரத்தில் ஓடும், பக்கத்துக்கான செலவும் குறைவு. ஆனால் சாய்த்தால் மை கசியும். ஊர் ஊராகத் தூக்கிப் போகும் பொருள் அல்ல அது.

பிரதர் பாக்கெட்ஜெட் போன்ற வெப்ப அச்சு பிரிண்டர் உன் மனத்தைக் கவரும் என்று நினைக்கிறேன். அரை கிலோ அளவுதான் எடை, மையே வேண்டாம். இருந்தும் உனக்கு அது வேண்டாம் என்பேன். சூடு பட்டால் கறுக்கும் தாளில்தான் அது அச்சடிக்கிறது. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தத் தாளை வைத்துப் பார், தெரியும். நிழலிலேயே வைத்தாலும் நாளடைவில் எழுத்து மங்கும். பழைய ஏடிஎம் ரசீதை எடுத்துப் பார்த்தாலே புரியும். காப்பீட்டு கிளெய்ம் வழக்காகி நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது வெறும் தாள் இருந்தால் என்ன செய்வாய்?

எனவே பேட்டரியில் ஓடும் சிறிய இங்க்ஜெட்தான் உனக்குச் சரி. கேனன் டிஆர்150, எச்பி ஆஃபிஸ்ஜெட் 200 இரண்டும் பேட்டரி இல்லாமல் 2 கிலோ சொச்சம் இருக்கும். எப்சன் டபிள்யூஎஃப்-100 இன்னும் இலேசு, 1.6 கிலோ, பேட்டரி உள்ளேயே இருக்கிறது. கேனனுக்குப் பேட்டரியைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். பேட்டரி இல்லாமல் வாங்கிவிட்டால் இவ்வளவு யோசித்ததும் வீண். இவை எதிலும் ஸ்கேனர் கிடையாது. கையெழுத்தான தாளைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்.

கறுப்பு மை நிறமி மையா (பிக்மென்ட் இங்க்) என்று கட்டாயம் கேள். சாய மை ஈரம் பட்டதும் ஊறிப் பரவும். நீ போகும் இடமெல்லாம் ஈரம். வாரம் ஒரு பக்கமாவது அச்சடி, இல்லையென்றால் மை அச்சுத் தலையில் காய்ந்துவிடும். கம்பி இல்லாமல் கணினியைப் பிரிண்டரோடு நேரடியாக இணைக்கும் வைஃபை டைரக்ட் வசதியானதுதான், ஆனாலும் ஒரு யுஎஸ்பி கேபிள் பையிலேயே கிடக்கட்டும்.

இனி மடிக்கணினி. உன் பட்டியலில் ஸ்னாப்டிராகன் சிப் உள்ளது ஒன்று இருக்கிறது. பேட்டரி நன்றாக நிற்கும்தான். ஆனால் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்காக எழுதப்பட்ட பிரிண்டர் டிரைவர்கள், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள்கள், அதில் ஓடாது. யுஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் இதே சிக்கல் வரலாம். நீ தேர்ந்தெடுக்கும் பிரிண்டருக்கு அந்தச் சிப்பில் ஓடும் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடாதே. மற்றபடி 16 ஜிபி ரேம் உள்ளதாகவே எடு. மெல்லிய கணினிகள் பலவற்றில் பின்னால் கூட்ட முடியாது. பளபளக்காத, 400 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரை வெயிலில் கண்ணைக் காப்பாற்றும். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறினால் காரிலும் பவர் பேங்கிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். உன் தோள்வலி இன்னும் முழுதாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிரிண்டரும் பேட்டரியும் என் செலவு. எந்த மாடல் என்று முடிவானதும் சொல், பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா