மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். மல்லிகா பாட்டியாகிவிட்டாள், உனக்கும் சொல்லியிருப்பாள். அந்தப் பச்சை சைக்கிள் கதையை இன்னுமா விடவில்லை நீ? அவளே மறந்துபோனாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு பக்கம் மருமகள் புராணம் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்து ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டேன், இனி எல்லாம் சாப்பாட்டிலேயே பார்த்துக்கொள்வேன்" என்று, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்திப் பத்து நாளாகியும் வலி கூடவில்லை, அதனால் சாப்பாடு வேலை செய்கிறது என்கிறாய். தேனு, முடக்குவாதத்துக்கு உனக்குக் கொடுத்த அந்த மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும், மெதுவாகத்தான் விடும். பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். நிறுத்தினாலும் அதன் பிடி சில வாரங்கள் உடம்பில் இருக்கும். பத்து நாள் நீ நன்றாக இருந்தது பழைய மாத்திரையின் மிச்சம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த மிச்சமும் தீர்ந்திருக்கும். அதுதான் எனக்குப் பதற்றம்.

வலி இல்லை என்பதால் அழற்சி இல்லை என்று ஆகிவிடாது. மூட்டு உறை உள்ளுக்குள் வீங்கியபடியே குருத்தெலும்பையும் எலும்பு ஓரத்தையும் அரிக்கும். அரித்தது திரும்ப வளராது. நோய் வந்த முதல் இரண்டு வருஷத்தில்தான் இந்த அரிப்பு வேகமாக நடக்கும். உனக்கு ரத்தத்தில் ஆன்ட்டி-சிசிபி என்கிற முடக்குவாத எதிர்ப்பொருள் வேறு அதிகம் என்று எழுதியிருந்தாய், அது இருப்பவர்களுக்கு அரிப்பு இன்னும் அதிகம். எந்தப் பத்தியச் சாப்பாடும் தனியாக நின்று இதைத் தடுத்ததாகக் காட்டப்படவில்லை.

நீ நிறுத்தியதற்கு உண்மைக் காரணம் மாத்திரை போட்ட மறுநாள் வருகிற குமட்டல்தானே? அதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை? அதற்கு வழிகள் இருக்கின்றன. ராத்திரி சாப்பிட்டபின் போடலாம். ஃபோலிக் ஆசிட் அளவைக் கூட்டலாம். அந்த ஒரே நாளுக்குள் காலையும் இரவுமாகப் பிரிக்கலாம். ஊசியாகவும் மாற்றலாம், பலருக்கு ஊசியில் குமட்டல் குறைகிறது. எது உனக்குச் சரி என்பதை அவர்தான் சொல்லவேண்டும். நீயாக மறுபடி ஆரம்பித்துவிடாதே, முதலில் ரத்த அணுக்களும் ஈரலும் சிறுநீரகமும் பார்க்கட்டும். ஆரம்பித்தால் வாரத்தில் ஒரே நாள், அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வை. இதைத் தினசரி மாத்திரை என்று நினைத்துப் போட்டு எலும்பு மஜ்ஜை படுத்து உயிரே போனவர்கள் உண்டு. பிரெட்னிசோலோனையும் சேர்த்து நிறுத்தினாயா? அதை எழுதவில்லை நீ. பல வாரம் தொடர்ந்து போட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழலாம், மயக்கம் வரலாம். அப்படி நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணு.

சாப்பாட்டை நான் மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அதில் உனக்கு இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. 1991-லேயே நார்வேயில் முடக்குவாதக்காரர்கள் 53 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப்பேருக்கு ஒரு வாரம் பத்து நாள் உபவாசம், பிறகு மூன்றரை மாதம் பாலும் குளூட்டன் என்கிற கோதுமைப் புரதமும் இல்லாத சைவம், பிறகு பால் சேர்த்த சைவம். ஒரு வருஷம் ஆனபின்னும் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் உபவாசத்தில் மட்டும் கிடைக்கிற சுகம் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினதும் போய்விடுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலிப்பதும் இல்லை. உனக்குப் பலிக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒழுங்கு வேண்டும், நீ செய்திருப்பதோ ஒரே கலவரம்! மாத்திரை, கோதுமை, பால், தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் விட்டுவிட்டு, மீன் எண்ணெயையும் அன்றே ஆரம்பித்தால் எது என்ன செய்தது என்று எப்படித் தெரியும்?

இப்படிச் செய். மருந்து ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கட்டும். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் தினமும் மூன்று மட்டும் எழுது. கண் விழித்த நேரத்திலிருந்து விரல்களை முழுக்க மடக்கி முஷ்டி பிடிக்க முடிகிறவரை எத்தனை நிமிஷம், எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, எத்தனை மணிநேரம் தூங்கினாய். இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது எதை விட்டாலும் இரண்டு வாரத்தில் குறைந்ததுபோலத் தோன்றும். அந்த ஏமாற்றத்துக்குத்தான் நோட்டு. பிறகு உனக்குச் சந்தேகம் உள்ள ஒரு பொருளை மட்டும் 3 வாரம் விட்டுப் பார். வித்தியாசம் தெரிந்தால் மறுபடி சேர், 3 நாள் நன்றாகவே சாப்பிடு. நிமிஷம் ஏறினால் மறுபடி விடு, மறுபடி சேர். இரண்டு முறையும் ஏறினால்தான் அது குற்றவாளி. தக்காளி, கத்தரிக்காய் மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்றும் இல்லை, அவற்றைக் கடைசியில் வை.

கோதுமையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதை நிரந்தரமாக விடுகிற எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே, குளூட்டன் குடலைக் கெடுக்கிற சீலியாக் நோய்க்கான டிடிஜி ரத்தப் பரிசோதனை செய்துகொள். விட்டு மாதக்கணக்கானபின் செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம், பிறகு பரிசோதனைக்காகவே வாரக்கணக்கில் திரும்பச் சாப்பிட வேண்டிவரும்.

மீன் எண்ணெய் டப்பாவைக் கையில் எடு. முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திருப்பு. பின்னால் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று இருக்கும், சாதாரண வகையில் அப்படித்தான். இரண்டும் ஒமேகா-3 கொழுப்புகள். வேலை செய்வது அந்த 300 மட்டும்தான், மிச்சம் வெறும் கொழுப்பு. மூட்டு வலி ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு நாளுக்குச் சுமார் 3 கிராம், அதாவது பத்து மாத்திரை. நீ ஒன்று போட்டுக்கொண்டு அதிசயம் பார்க்கிறாய். செறிவான வகையோ திரவமோ வாங்கினால் எண்ணிக்கை குறையும். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் இந்த அளவு போடக்கூடாது.

சித்தப்பா பையன் கொடுத்த "எதிர்ப்புச் சக்திப் பொடி" இன்னும் இருக்கிறதா? தூக்கிப் போடு. எதிர்ப்புச் சக்தி வழி தவறி உன் மூட்டையே அடிக்கிறபோது அதை இன்னும் உசுப்பிவிடுவானேன்? பொடியில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாமல், ஈரலைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கிற மருந்தோடு அதைச் சேர்ப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

நடை விடாதே. வீக்கம் அதிகமுள்ள நாளில் மூட்டை வலியில்லாத அளவுக்கு மெல்ல மடக்கி நீட்டினால் போதும். மற்ற நாளில் கொஞ்சம் எடை தூக்கு. பயிற்சி முடிந்து 2 மணிநேரம் கழித்தும் முன்பைவிட வலி அதிகமென்றால் அடுத்த முறை குறைத்துக்கொள். ஈறில் ரத்தம் வருகிறது என்றாயே, பல் டாக்டரைப் பார். ஈறு நோய்க்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, இதை யாரும் சொல்வதில்லை.

டாக்டரைப் பார்த்ததும், அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்கிற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் எவ்வளவு என்று எழுது. ரத்தசோகை இருந்தால் ஈஎஸ்ஆர் அதனாலேயே ஏறும், ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்து எழுது. இந்த முறை முதல் பக்கத்திலேயே எழுது, மருமகளுக்கு மிச்சப் பக்கம் போதும்.

உன்
கலா

பி.கு.: உன் அக்கா தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்குகிறாளா என்று கேள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் அரைமணியாவது முன்னால். கால்சியமும் இரும்புச்சத்தும் 4 மணிநேரம் தள்ளி.